நேர்மையாகச் சூதாடினால் ஆகுமா?

சங்கரன்கோவிலை அடுத்த திருவேங்கடத்துக்கு அண்மையில் ஒரு நிகாஹ் வைபவத்திற்காகச் சென்றிருந்தோம். கரிசல் மண்ணும், வானம் பார்த்த விவசாயமும், தீப்பெட்டித் தொழிலும் கொண்ட பகுதி அது. பாடுபட்டால்தான் பலன் என்பதை அங்குள்ளவர்களுக்கு யாரும் மேடை போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வலீமா விருந்து முடிந்து வேப்பமர நிழலில் அமர்ந்திருந்தபோது, இருபத்து மூன்று அல்லது இருபத்து நான்கு வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் உரைத்தார். சற்றுத் தயங்கியபின் பேசத் தொடங்கினார்.

"ஹஜ்ரத், சூது ஹராம் என்று பயானில் சொன்னீர்கள். ஏமாற்று இருப்பதால்தானே அது ஹராம்? இதில் ஏமாற்றே கிடையாது. எல்லாம் கண் முன்னாலேயே நடக்கிறது. நீங்களே பாருங்கள்" என்று தமது செல்பேசியை நம்மிடம் நீட்டினார்.

திரையில் பச்சை விரிப்பிட்ட ஒரு மேசை. அதன் பின்னே புன்முறுவலோடு ஒரு பெண். சீட்டுக்கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து, கேமராவுக்கு நன்றாகக் காட்டி, இடப்புறமும் வலப்புறமுமாக மாறி மாறி வைக்கிறாள். திரையின் கீழ்ப்பகுதியில் பணம் கட்டுவதற்கான கட்டங்கள். மேலே, எத்தனை பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. நம் ஊர்களில் 'மங்காத்தா' என்றும் 'உள்ளே வெளியே' என்றும் திருவிழாக் காலங்களில் மறைவாக ஆடப்பட்டு வந்த அதே ஆட்டம், இப்போது விளக்கொளியில் குளித்து, நேரலையாக வீட்டுக்குள் வந்திருக்கிறது.

இளைஞரின் கேள்வியை அற்பமானதென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. இன்று பல இல்லங்களில், பெற்றோருக்குத் தெரியாமல், இதே வாதம் இளைஞர்களின் உள்ளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 'ஏமாற்று இல்லாவிட்டால் குற்றமும் இல்லை' என்பதே அந்த வாதம். அதனை இன்று சீர்தூக்கிப் பார்ப்போம்.

கண்முன் நடக்கும் ஆட்டம்

முதலில் அந்த இளைஞருக்கு நியாயம் செய்வோம். நேரலைச் சூதாட்டக் கூடங்கள் எல்லாமே பொய்க் காட்சிகள் என்று கூறுவது உண்மையாகாது. 2006 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'எவல்யூஷன்' என்னும் சுவீடன் நாட்டு நிறுவனம் இத்தொழிலில் முன்னணியில் இருப்பது. லாத்வியா நாட்டின் தலைநகரான ரிகாவில் அதற்குப் பெரிய படப்பிடிப்புக் கூடங்கள் உள்ளன. அங்கே மேசைக்கு மேசை பல கேமராக்கள் உண்டு. சீட்டுகளில் குறியீடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை மேசையில் உள்ள கருவி படித்து, ஆடுவோரின் திரைக்கு உடனே அனுப்பும். சீட்டு வைப்பவர் தவறிழைத்தால் கண்டுபிடிக்க மேற்பார்வையாளர்களும் இருப்பார்கள்.

கணினியே எண்களை எழுப்பும் ஆட்டங்களை மக்கள் ஐயுற்றார்கள். 'பெட்டிக்குள் என்ன நடக்கிறதோ!' என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் போக்கத்தான் மனித முகமும், மனிதக் கையும், உண்மைச் சீட்டும் திரைக்குக் கொண்டுவரப்பட்டன. அதாவது, இந்தத் தொழில் விற்பனை செய்யும் முதற்பொருள் சீட்டும் அன்று, சக்கரமும் அன்று. நம்பிக்கையே அதன் முதற்பொருள்.

நல்லது. அந்தக் கை நேர்மையான கை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆட்டம் ஆகுமானதாகிவிடுமா?

அன்றைய அரபியரின் 'ரகீப்'

இந்தக் கேள்விக்கு விடை காணப் பதினான்கு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். திருமறை 'மைஸிர்' என்று குறிப்பிடும் சூது, அறியாமைக் கால அரபியர் ஆடிய ஆட்டம். ஓர் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுத்துப் பங்கு போடுவார்கள். பத்து அம்புகளை ஒரு பையில் இட்டுக் குலுக்குவார்கள். அவற்றுள் ஏழு அம்புகளுக்கு வெவ்வேறு அளவில் பங்கு உண்டு. மூன்று அம்புகள் வெறுமையானவை. பங்குள்ள அம்பு கிடைத்தவர் இறைச்சியைப் பெறுவார். தோற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும்.

அந்த ஆட்டத்தில் நேர்மையைக் காக்க அவர்கள் செய்திருந்த ஏற்பாடு வியப்பூட்டுவது. அம்பை உருவி எடுப்பதற்கென்றே 'ஹுர்ளா' எனப்படும் ஒருவரை நியமிப்பார்கள். விரல்களால் தடவிப் பார்த்து அம்பை அவர் அடையாளம் கண்டுவிடலாகாது என்பதற்காக அவரது கையில் துணி சுற்றப்படும். அவர் பார்த்து எடுத்துவிடாதபடி பார்வையும் மறைக்கப்படும். அவருக்குப் பின்னால் 'ரகீப்' என்னும் கண்காணிப்பாளர் ஒருவர் நிற்பார். 'ரகீப்' என்றால் கூர்ந்து கவனிப்பவர் என்று பொருள். இன்று கேமரா செய்யும் வேலையை அன்று அந்த ரகீப் செய்தார்.

இன்னொன்றும் உண்டு. வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதும், அதனைப் பெருமையாகக் கருதுவதும் அவர்களிடம் வழக்கமாக இருந்தன என்று விரிவுரையாளர்கள் குறிப்பிடுகிறார்கள். மது, சூது இரண்டிலும் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு. ஆனால் பயனைவிடப் பாவமே பெரிது என்று 'அல்பகரா' அத்தியாயத்தின் 219 ஆம் வசனம் உணர்த்துவது இத்தகைய சூழலில்தான்.

சிந்தித்துப் பாருங்கள். கை கட்டப்பட்டிருந்தது. கண்காணிப்பாளர் இருந்தார். ஆட்டம் ஊரறிய நடந்தது. வென்ற பொருள் ஏழைகளின் வயிற்றுக்குச் சென்றது. இத்தனையும் இருந்தும், 'அல்மாயிதா' அத்தியாயத்தின் 90 ஆம் வசனம் அதனை ஷைத்தானின் அசுத்தச் செயல்களுள் ஒன்றாக அறிவித்து, விலகிக்கொள்ளுமாறு கட்டளையிட்டது. சூதில் ஏமாற்று கலந்தால் அது இரட்டைப் பாவம். ஏமாற்று கலக்காவிட்டாலும் அது பாவமே. இளைஞரின் கேள்விக்கு விடை இவ்விடத்திலேயே கிடைத்துவிடுகிறது.

கேமரா காட்டாத கணக்கு

'நேர்மையாக நடந்தால் அதில் என்ன தீங்கு?' என்று அறிவு மேலும் கேட்கக்கூடும். அதற்கும் விடை உண்டு. கேமரா கையைக் காட்டுகிறது, கணக்கைக் காட்டுவதில்லை.

ரூலெட் என்னும் சுழற்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய முறைச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை மொத்தம் 37 எண்கள் உண்டு. ஓர் எண்ணில் 100 ரூபாய் வைத்து வென்றால், வைத்த பணத்தோடு சேர்த்து 3,600 ரூபாய் கிடைக்கும். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒருவர் 37 எண்களிலும் 100 ரூபாய் வீதம் வைக்கிறார் என்று கொள்ளுங்கள். அவர் வைத்தது 3,700 ரூபாய். எந்த எண் விழுந்தாலும் கைக்கு வருவது 3,600 ரூபாய். வெற்றி நிச்சயம், நஷ்டமும் நிச்சயம்! சக்கரத்தில் எந்தப் பழுதும் இல்லை. சுழற்றிய கையில் எந்தச் சூழ்ச்சியும் இல்லை. 100 ரூபாய் எங்கே போயிற்று? ஒப்பந்தத்திலேயே போய்விட்டது.

'உள்ளே வெளியே' ஆட்டத்திலும் கதை இதுவே. எந்தப் பக்கம் முதற்சீட்டு விழுகிறதோ, அந்தப் பக்கம் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 51.5 ஆகும். எனவே, பல மேசைகளில் அந்தப் பக்கம் வென்றால் 100 ரூபாய்க்கு 90 ரூபாய் மட்டுமே கொடுக்கிறார்கள். மறுபக்கத்துக்கு முழுமையாக 100 ரூபாய் கொடுக்கிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தால், முதற்பக்கத்தில் கட்டுபவர் 100 ரூபாய்க்குச் சராசரியாக 2 ரூபாய்க்குச் சற்று மேலும், மறுபக்கத்தில் கட்டுபவர் 3 ரூபாயும் இழக்கிறார்கள்.

'இரண்டு மூன்று ரூபாய்தானே!' என்று எண்ண வேண்டாம். அது ஒரு முறைக்கு உரிய கணக்கு. ஓர் இரவில் நூறு முறை, இருநூறு முறை சீட்டு விழுகிறது. வென்ற பணத்தையும் மறுபடி வைக்கிறார்கள். மேலும், ஆடுபவரின் பை சிறியது. எதிரே இருக்கும் பெட்டி பெரியது. இரு பக்கமும் சரிசமமான வாய்ப்புள்ள ஆட்டத்திலேயே தொடர்ந்து ஆடினால் சிறிய பைதான் முதலில் காலியாகும். அவ்வாறிருக்க, எடைக்கல்லே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் ஆட்டத்தின் முடிவைச் சொல்லவும் வேண்டுமோ?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் சென்றபோது ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். 'ஸஹீஹ் முஸ்லிம்' நூலில் இடம்பெற்றுள்ள செய்தி இது. நேரலைக் காட்சி என்பது குவியலின் மேலே கிடக்கும் உலர்ந்த தானியம். புன்னகையும் விளக்கொளியும் மேலே. சாய்ந்த கணக்கு அடியிலே.

உண்மையில், நேர்மையான சூதாட்டக் கூடமே அதிகம் அஞ்சத்தக்கது. ஏமாற்றுக் கூடத்தில் ஒருவன் ஒருமுறை ஏமாந்து விலகிவிடுவான். நேர்மையான கூடத்தில் அவ்வப்போது வெல்வான், நம்புவான், மீண்டும் மீண்டும் வருவான்.

அந்த நம்பிக்கைக்கு யார் பொறுப்பு?

இதுவரை, கூடம் நேர்மையானது என்றே வைத்துக்கொண்டு பேசினோம். ஆனால் நம் இளைஞர் கையிலிருந்த செயலி எந்தக் கூடத்தைச் சேர்ந்தது, அதன் உரிமையாளர் யார், எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. இத்தகைய தளங்கள் பலவும் கரீபியக் கடலிலுள்ள குராசாவ் போன்ற தொலைதூரத் தீவுகளின் உரிமத்தைக் காட்டுகின்றன. பணம் வராவிட்டால் திருவேங்கடத்துக்காரர் எந்த நீதிமன்றத்தின் படியேறுவார்? அன்றைய ரகீப், ஆடுபவர் எல்லாரும் அறிய அவர்கள் நடுவிலேயே நின்றவர். இன்றைய ரகீபோ, ஆட்டத்தை நடத்துபவரிடமே சம்பளம் வாங்குபவர்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இல்லந்தோறும் அறிந்திருப்பது நல்லது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூன் மாதம் அளித்த அறிக்கையை அடுத்து, தமிழக அரசு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றியது. ஆளுநர் திருப்பியனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் 2023 மார்ச் மாதம் மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரல் மாதம் அது சட்டமாயிற்று. அச்சட்டப்படி ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் திறன் சார்ந்த ஆட்டங்கள் என்று விலக்கியபோதும், வாய்ப்பை மட்டுமே நம்பிய ஆட்டங்கள் மீதான தடையை ஏற்றுக்கொண்டது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

ஆகவே, இத்தனைக்குப் பின்னும் நம் பிள்ளைகளின் செல்பேசிக்குள் வந்து மேசை விரிப்பவர், நாட்டின் சட்டத்தை மீறித்தான் வருகிறார். சட்டத்தை மீறி வருபவர் சீட்டை மட்டும் நேர்மையாக வைப்பார் என்று நம்புவது எவ்வகை அறிவுடைமை?

பணம் செல்லும் வழியும் அப்படித்தான். முன்பின் அறியாத தனி மனிதர்களின் வங்கிக் கணக்குகளுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். 'போனஸ்' என்று கொடுத்துவிட்டு, அதனைப் பல மடங்கு ஆடித் தீர்த்த பிறகே பணத்தை எடுக்கலாம் என்று நிபந்தனை விதிக்கிறார்கள். சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கிக் கணக்கையே இத்தகையோருக்கு வாடகைக்கு விடும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அறியாமலேயே பிறர் கண்ணீரின் வாய்க்காலாக ஆகிவிடுகிறார்கள். கணக்கு முடக்கப்பட்டு, காவல் நிலையம் வரை செல்லவும் நேரிடுகிறது. அமானிதம் பேணுதல் ஈமானின் அடையாளம் அன்றோ? நம் பெயரில் உள்ள கணக்கும் ஓர் அமானிதமே.

விவசாயமும் சூதுதானா?

இளைஞர் விடவில்லை. "எங்கள் கரிசலில் மழையை நம்பி விதைக்கிறோமே, ஹஜ்ரத்! அதுவும் ஒரு சூதுதானே?" என்றார்.

நல்ல கேள்வி. மார்க்கம், முடிவு தெரியாத எல்லாவற்றையும் விலக்கிவிடவில்லை. வணிகத்தில் இலாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. சீட்டுக் குலுக்குவதுகூடத் தன்னளவில் பாவமன்று. பயணம் புறப்படும்போது துணைவியருள் யாரை அழைத்துச் செல்வது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சீட்டுக் குலுக்கியதாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. சம உரிமை உடையோரிடையே மனத்தாங்கல் வராமல் தீர்க்க அது ஒரு வழி. அதில் எவருடைய பொருளும் பறிபோவதில்லை.

கரிசலில் விதைப்பவர் மண்ணில் விதை இடுகிறார், உழைப்பை இடுகிறார், இறைவன் மீது நம்பிக்கை வைக்கிறார். மழை பெய்தால் பருத்தியும் மிளகாயும் விளைகின்றன. அதனால் அவருக்கும் பயன், வாங்குபவருக்கும் பயன். மழை பொய்த்தால் அவர் நஷ்டப்படுகிறார். ஆனால் அவர் நஷ்டத்தால் எவரும் இலாபம் அடைவதில்லை. பக்கத்து வயலுக்காரர் அவருக்காக வருந்துகிறார். சூதாட்ட மேசையிலோ ஒரு மணி தானியமும் விளைவதில்லை. ஒருவன் அழுதால்தான் மற்றவன் சிரிக்க முடியும். இதுவே வேறுபாடு.

விலை கொடுப்பது இல்லம்

1968 ஆம் ஆண்டு தமிழக அரசே பரிசுச் சீட்டை நடத்தத் தொடங்கியது. குலுக்கல் ஊரறிய நடந்தது. பரிசு எண்கள் நாளேடுகளில் வெளிவந்தன. ஆயினும் 2003 ஆம் ஆண்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை முழுவதும் இம்மாநிலத்தில் தடை செய்யப்பட்டது. அன்றாடக் கூலியைச் சீட்டில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய தந்தையரை நம் தலைமுறை நேரில் கண்டது. குலுக்கல் சக்கரம் நேர்மையாகச் சுழன்றதால் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்துவிடவில்லை.

அன்றாவது சீட்டு வாங்கக் கடைவீதிக்குப் போக வேண்டியிருந்தது. நான்கு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் இருந்தது. இன்று போர்வைக்குள் மேசை விரிகிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை விதிக்கும் விதிமுறையைத் தமிழக அரசு 2025 ஆம் ஆண்டு கொண்டுவர வேண்டியதாயிற்று. தஹஜ்ஜுத் தொழுகைக்கும் பஜ்ரு பாங்கிற்கும் உரிய நேரமல்லவா அது! பகையையும் வெறுப்பையும் மூட்டவும், இறை நினைவைவிட்டும் தொழுகையைவிட்டும் தடுக்கவுமே ஷைத்தான் சூதைப் பயன்படுத்துகிறான் என்று 'அல்மாயிதா'வின் 91 ஆம் வசனம் உணர்த்தியதன் பொருள் இப்போது விளங்குகிறது.

அந்த இளைஞரிடம் இறுதியாக ஒன்று கேட்டோம்: "தம்பி, இதுவரை எவ்வளவு போயிருக்கும்?" அவர் தலை குனிந்தார். வெகுநேரம் கழித்து, "உம்மாவின் சிறுவாட்டுப் பணத்தையும் எடுத்துவிட்டேன். வாப்பாவுக்குத் தெரியாது. விட்டதை எடுத்துவிட்டு நிறுத்திவிடலாம் என்றுதான்..." என்றார். அதுவரை மேசையின் நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், தம் வீட்டில் தாம் உடைத்த நம்பிக்கையைப் பற்றி அப்போதுதான் முதன்முறையாகப் பேசினார். தொலைதூர நாட்டில் சீட்டு வைக்கும் முகமறியாப் பெண்ணை நம்பியவர், தம்மை நம்பிய தாயை மறந்திருந்தார்.

செய்ய வேண்டுவன

விட்டதைப் பிடிக்க மேலும் விடுவது, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கக் கயிற்றையும் உள்ளே எறிவது போன்றதாகும். போனது போகட்டும் என்று அன்றே நிறுத்துவதுதான் முதல் தவ்பா. செயலியை நீக்குங்கள். வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். ஒருநாள் வெட்கம், பல ஆண்டுத் துயரைவிட மேல். சூதாட வருமாறு தோழரை அழைத்துவிட்டவர்கூடப் பரிகாரமாகத் தர்மம் செய்யுமாறு நபிமொழி பணிக்கிறது. அழைப்புக்கே இது என்றால், ஆடியவர் எவ்வளவு வருந்தித் திருந்த வேண்டும்! வென்ற பணம் கையில் இருந்தால் அது நம் பொருளன்று. உரியவர் தெரிந்தால் அவரிடமே சேர்த்துவிட வேண்டும். தெரியாவிட்டால், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கைகழுவ வேண்டும்.

ஏமாற்றித் தொகை பறிக்கப்பட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். இழப்பால் மனம் உடைந்து, தவறான எண்ணம் தோன்றுமானால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள்; நம்பகமான ஒருவரிடம் அன்றே மனம் திறந்து பேசுங்கள். எந்தக் கடனும் ஓர் உயிரைவிடப் பெரிதன்று. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழப்பது முஃமினுக்கு ஆகாது.

பெற்றோர்களே! உண்மையைச் சொல்ல வரும் பிள்ளையை ஊரறியத் தூற்றாதீர்கள். தூற்றினால் அடுத்தமுறை அவன் உங்களிடம் வரமாட்டான். கடன் கொடுக்கும் செயலியிடம்தான் போவான். ஜமாஅத் பெரியவர்களும் இதனை ஒரு குடும்பத்தின் இழிவாகக் கருதாமல், ஊரின் கவலையாகக் கருதி, வட்டியில்லாக் கடனாலும் வேலைவாய்ப்பாலும் கைகொடுக்க முன்வர வேண்டும்.

திருவேங்கடத்து இளைஞர் அன்று நம் முன்னாலேயே அந்தச் செயலியை நீக்கினார். பிறகு, "வாப்பாவிடம் நீங்களும் வந்து சொல்லுங்கள், ஹஜ்ரத்" என்றார். இருவரும் சேர்ந்தே சென்றோம். வாப்பா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "பஜ்ருக்கு என்னோடு வா" என்று மட்டும் சொன்னார்.

எவருடைய கண்காணிப்பும் எட்டாத இடத்திலும் நம்மைக் கண்காணிக்கும் உண்மையான ரகீப் அல்லாஹ் ஒருவனே. 'அர்ரகீப்' என்பது அவனுடைய அழகிய திருநாமங்களுள் ஒன்று. அந்தப் பார்வையை நினைவில் நிறுத்தி, ஆகுமான உழைப்பில் பரக்கத்தைத் தேடும் நற்பேற்றை நம் இளைஞர்களுக்கும் இல்லங்களுக்கும் வல்ல நாயன் வழங்கியருள்வானாக! ஆமீன்.